நான்காவது நேர்காணல்

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கினேன். புடலங்காய்க் கூட்டும் மிளகு ரசமும் வைத்து, எனக்கு ஒரு டப்பாவும் மகளுக்கு ஒரு டப்பாவும் கட்டினேன். முந்தின நாள் கட்டுரையை முடித்த களைப்பில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குத்தான் கல்லூரி என்பதால் எழுப்பவில்லை. இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தேன். பிறகு நான்காவது மாடிக்கு ஏறி, எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வீட்டு மணியை அடித்து, மகளுடைய கட்டுரையின் ஒரு பிரதியை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் குளித்துக்கொண்டிருப்பதாகவும் மேஜையில் வைத்துவிடுவதாகவும் அந்த அம்மா சொன்னார். நான் கீழே இறங்கி தி. நகர் பேருந்தைப் பிடித்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் அதற்கு ஒரே வரிதான்: “சங்கத்துக்குப் பிரதி கொடுத்தாயிற்று.” பக்கத்தில் ஒரு டிக் போட்டிருக்கிறேன்.

மகள் சமூகவியலில் எம்.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்ட பெண்கள், பழைய வேலை வீடுகளுக்கே தினமும் வந்து திரும்பும் பயணத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினாள். தமிழில் எழுத அனுமதியும் வாங்கியிருந்தாள். ஆரம்பத்தில் அவளுக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கணினியில் தேடினால் வந்த கட்டுரைகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒரே காரியத்தை அரசாங்க அறிக்கை “மறுகுடியமர்வு” என்கிறது, பத்திரிகை “குடிசை அகற்றம்” என்கிறது, அந்தப் பெண்களோ “எங்கள தூக்கிட்டாங்கோ” என்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறோமோ அந்த ஆட்கள் எழுதியதுதான் கிடைக்கும். மூன்று சொற்களையும் போட்டுத் தேடிய பிறகு வரத்து கூடியது. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் கடைசிப் பக்கங்களிலிருந்து பின்னோக்கிப் போனாள். காசு கட்டினால்தான் திறக்கும் என்ற கட்டுரைகளுக்கு, எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அனுப்பிவைத்தார்கள்.

ஆனால் எங்கள் அடுக்ககம் போன்ற இடத்தில் வேலை செய்யும் பெண்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதற்கு அச்சில் எதுவும் இல்லை. நேரில்தான் கேட்க வேண்டியிருந்தது. சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வளாகத்துக்குள் பேட்டி எடுக்க அனுமதி கொடுத்தார். கார் நிறுத்துமிடத்தில் மட்டும், வேலை நேரத்தில் கூடாது, முடிந்ததும் சங்கத்தின் கோப்புக்கு ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார். மூன்றாவதை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் தொழிலில் வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை. கணக்கில் ஒரு வரி இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு வேறு யார் போனாலும் அது நடந்த இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஆதாரம் என்பதும் அதேதானே என்று மகளிடம் சொன்னேன். “அப்ப அந்த லிஸ்ட்டை நீயே போட்டுடும்மா, உனக்குத்தான் அது குலாப்ஜாமூன் மாதிரி” என்றாள். கட்டுரையின் பின்பகுதியில் வரும் ஆதாரப் பட்டியல் முழுவதையும் நான்தான் தயாரித்தேன். புத்தகங்கள், செய்திகள், அறிக்கைகள், கடைசியில் ஆறு நேர்காணல்கள். பதிவுகளின் குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வயது, ஊர், எந்த பிளாக், எத்தனை வீடுகள், வேலை தொடங்கும் நேரம், பேட்டி எடுத்த இடம், தேதி என்று கட்டம் போட்டு நிரப்பினேன். பெயருக்குப் பதில் எண் மட்டும் போடச் சொல்லியிருந்தாள். அப்படியே போட்டேன். உள்ளே அந்தப் பெண்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நான் படிக்கவில்லை. அது அவளுடைய பகுதி. பட்டியலை அவள் சரிபார்க்கவில்லை. அது என்னுடைய பகுதி.

மதியம் டப்பாவைத் திறக்கும்போது மகள் போன் செய்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். உள்ளே எல்லாம் முன்பே படித்ததுதான், நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் பட்டியலை உடனே எடுக்கச் சொல்லிவிட்டார், குறிப்பாக நான்காவது நேர்காணலை, என்றாள். பி பிளாக், மூன்று வீடுகள், பெரும்பாக்கம், நாற்பத்து மூன்று வயது, காலை ஆறு மணி. பெயரை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்தால் அது யார் என்று அந்தக் கட்டடத்தில் எவருக்குத் தெரியாது என்று கேட்டாராம்.

பிறகு கேட்டாள். “ராத்திரி டேபிள் மேல கட்டுரை காப்பி ரெண்டு வச்சேன். காலைல ஒண்ணுதான் இருந்தது. இன்னொண்ணு எங்கம்மா?”

சொன்னேன்.

கல்லூரி வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போவது போனில் கேட்டது. அப்புறம், “நாலாவது இன்டர்வியூ என்னன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, அதைப் படித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் பேச்சை அவள் மாற்றாமல் எழுதியிருந்தாள்.

“ஒரு வூட்ல ஆறு மணிக்குப் பூந்தா பத்து மணி ஆவும் வெளிய வர. பாத்ரூமு கய்வச் சொல்வாங்கோ, போவக் கூடாது. கீய எறங்கி ஜென்ரேட்டர் ரூமுக்குப் பின்னாடி வாச்மேன் பாத்ரூமுக்குப் போவணும். லிப்ட்ல போனா இன்னாத்துக்கு எறங்குறேன்னு கேப்பாங்கோன்னு படியிலயே போய்க்கினு வந்துகினு இருப்பேன்.”

பி பிளாக்கில் காலை ஆறு மணிக்கு ஆள் வரும் வீடு ஒன்றே ஒன்றுதான். செயலாளர் வீடு.

எங்கள் வளாகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சங்கம் நுழைவு அட்டை கொடுக்கும். செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அவர் வீட்டு வேலை போனால் அது ஒரு வீட்டோடு போகாது. அட்டையை வாங்கிவிட்டால் மற்ற இரண்டு வீடுகளும் சேர்ந்து போய்விடும். இது எனக்குத் தெரியும். அட்டை வழங்கும் விதிமுறையைத் தட்டச்சு செய்து கொடுத்தவளே நான்தான்.

அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செயலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எதையாவது படிப்பார். தண்ணீர் வரி ரசீதைக்கூட அடிக்கோடு போட்டுப் படிக்கிறவர். அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆட்டோ பாண்டிபஜாரைத் தாண்டவே நேரம் எடுத்தது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடத்தில் வண்டிகள் ஒரே வரிசையாக நின்றன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, “மா, சாந்தோம் சுத்திக்கினு போலாமா, லேட்டாவும், ஆனா நிக்காது” என்றார். லேட்டானாலும் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியதுதான். வேண்டாம் என்றேன். போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கட்டம் கட்டினேன். பிரதியில் ஒரு பிழை இருக்கிறது, திருத்திய பிரதி தருகிறேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது செயலாளரின் மனைவி. அவர் மயிலாப்பூரில் வங்கிக்குப் போயிருக்கிறார், அங்கிருந்து நண்பர் வீட்டுக்கும் போய்விட்டு மாலையில்தான் வருவார் என்றார். எனக்கு மூச்சு வந்தது. உள்ளே பார்த்தால் சோபாவின் கைப்பிடிமேல் கட்டுரை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. டிவியில் சத்தத்தைக் குறைத்திருந்தார்.

“வாங்க, வாங்க. இதைத்தான் படிச்சிட்டிருக்கேன். அவர் கைக்குப் போச்சுன்னா கோடு கோடாப் போட்டுடுவார், அப்புறம் நமக்குப் படிக்கவே வராது. உங்க பொண்ணு நல்லா எழுதறா. ரெண்டு பஸ் மாறி வராங்களாமே, பாவம்.”

பிழை இருக்கிறது என்று சொன்னேன். “நான் படிச்ச வரைக்கும் ஒண்ணும் கண்ல படலையே” என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டார். கடைசியில் என்றேன். அப்படியானால் கடைசிக்கு முன்னால் வரைக்கும் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சிரித்தார். காபி போடுவதாகச் சொல்லி எழுந்தவர் கட்டுரையையும் கையோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் வைத்த சத்தம். பக்கம் திருப்பும் சத்தம். ஸ்பைரல் பைண்டிங் என்பதால் ஒவ்வொரு முறையும் தாள் கம்பியில் உரசுவது நன்றாகவே கேட்டது. ஒன்று திருப்பினார். இன்னொன்று. அடுத்தது வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் சுரீரென்று விழுந்தது. அப்போதும் அவர் அசைந்த சத்தம் இல்லை. பிறகு மொத்தமாகப் பல தாள்கள் ஒரே நேரத்தில் திரும்பின. பின்பக்கத்துக்குப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

காபி இல்லாமல் வந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் பட்டியலை எனக்கே படித்துக் காட்டினார். “நேர்காணல் நான்கு. பெண். வயது நாற்பத்து மூன்று. பெரும்பாக்கம். பி பிளாக், மூன்று வீடுகள். முதல் வேலை காலை ஆறு மணி.” நிறுத்தினார். “அவதானே?”

“யார்னு நான் சொல்லக் கூடாதுங்க. அந்த விவரத்தையெல்லாம் போட்டது நான்தான், பொண்ணு இல்லை. அவங்களும் பேர் வேணாம்னுதான் சொல்லியிருந்தாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. ஆமாம் என்று சொல்லாமல் இருக்கும்வரை கொஞ்சம் இடம் இருந்தது. அதையும் நானே அடைத்துவிட்டேன்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். கத்தவில்லை. தினமும் காலையில் அவளுக்கு டிபன் கொடுப்பதாகவும், தான் சாப்பிடும் அதே இட்லியைத்தான் கொடுப்பதாகவும் சொன்னார். அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தாராம். “அது ஒரு வரி இருக்கா இதுல?” என்று கேட்டார். இல்லை என்றேன். பாத்ரூமை விடாதது மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம், தான் வைத்ததில்லை, தான் எடுக்கவும் இல்லை, யோசித்ததும் இல்லை என்றார். எனக்கென்று இல்லாமல், டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு கட்டுரையை மூடி என் மடியில் வைத்தார்.

“இவர் பார்க்க வேண்டாம். பார்த்தார்னா இன்னிக்கே கேட் வாச்மேனுக்குப் போன் போட்டு அட்டையை வாங்கச் சொல்லிடுவார். திருத்தினதைக் கொண்டுவந்து கொடுங்க. காலைல அவ வரட்டும். நானே பேசிக்கறேன்.”

பிரதியை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

மகள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். “யாரைக் கேட்டும்மா கொடுத்தே?” என்றாள். சங்கத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோமே என்றேன். “டிக் போட்டாச்சு இல்ல, அது போதும் உனக்கு” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். ஒன்றும் தெரியாமல் காலையில் அந்தக் கதவைத் தட்டினால், கேட்ட கேள்விக்கு என்ன சொல்லி மாட்டிக்கொள்வாளோ. ஆனால் எங்களிடம் இருந்தது அவள் மகனுடைய எண். வீட்டில் ஒரே போன், அதை அவன் வைத்திருப்பான். பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் ராத்திரி ஷிஃப்ட்டில் துப்புரவு வேலை. வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற குரல்தான் மாலை முழுவதும் வந்தது. பெரும்பாக்கத்துக்கே போய்விடலாம் என்றாள் மகள். அங்கே வரிசையாக அத்தனை கட்டடங்கள். கதவு எண்ணை அவள் வேண்டுமென்றே கேட்டு வாங்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். “நேர்காணல் நான்கு. பெண், நாற்பதுகளில், தென்சென்னை. அவ்வளவுதான்.”

“இதை வச்சு யாரும் போய்ச் சரிபார்க்க முடியாதே.”

“முடியக் கூடாதும்மா. ஒலிப்பதிவு சார்கிட்ட மட்டும் இருக்கும். சந்தேகம் வந்தா அவர் கேட்டுப் பார்த்துட்டு உண்மைதான்னு சொல்வார். புஸ்தகம்னா பக்க நம்பர் வரைக்கும் போடணும். ஆள்னா போடக் கூடாது. முதல் கிளாஸ்லயே சொல்லித் தந்தாங்க. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

மற்ற ஐந்து நேர்காணல்களையும் அதே மாதிரி மாற்றினோம். கட்டங்களை எடுத்துவிட்ட பிறகு அரைப் பக்கம் காலியாக இருந்தது. செயலாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரதியைக் கிழித்து, தாள்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டபோதெல்லாம் இரண்டு பேரும் தலையைத் தூக்கினோம். எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மாடி இருக்கிறது, அங்கிருந்து கேட்கவே கேட்காது என்று தெரிந்தும். செயலாளர் வந்துவிட்டாரா, அவர் மனைவி சொல்லிவிட்டாரா, எதுவும் தெரியவில்லை. கேட்டிலிருந்து யாரும் போன் செய்யவில்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த செய்தி.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் முதல் காரியமாக, முகத்தைக் கழுவிக்கொண்டு கிரீன்வேஸ் ரோடு முனையிலிருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். தெருவிளக்குகள் அணையவில்லை. மகளும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். முதலில் வந்த பேருந்தில் அவள் இல்லை. இரண்டாவதில் இருந்து, ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னாமா, இந்நேரத்துல இங்க? யாருக்கு இன்னா ஆச்சு?”

நடந்துகொண்டே சொன்னேன். பாதி சொல்லும்போதே கூடையைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டாள். “பேரு போட்டுட்டியா?” என்று கேட்டாள். பெயர் இல்லை, பெரும்பாக்கமும் வயதும் ஆறு மணியும்தான் இருந்தது என்றேன்.

“அதுக்குப் பேரையே போட்டுக்கலாமே, சுருக்கமா முடிஞ்சிருக்கும்.”

கட்டுரை இப்போது என்னிடம் வந்துவிட்டது, செயலாளர் பார்க்கவில்லை, அவர் மனைவி மட்டும்தான் பார்த்தார் என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வேகமாக நடந்தாள்.

“அந்த அம்மாண்ட நானே ரெண்டு தபா சொல்லிக்கீறேன், பாத்ரூம் மேட்டர. வாயால சொன்னா அங்கியே போச்சு. நீ அச்சடிச்சி ஐயா வூட்டுக்கே குட்த்துக்கீறியே, இப்ப அது கம்ப்ளெயிண்ட்டு.” கேட் தெரிந்ததும் நின்றாள். “வேற இன்னா கீது அதுல? ஐயா வூட்டுப் புள்ள கதைல்லாம் நான் பேச்சுவாக்குல சொன்னனே, அதுவும் கீதா?”

அது எதுவும் இல்லை, அதை மகள் எழுதவே இல்லை என்றேன்.

“அது கீதுன்னா நான் இப்பிடியே பஸ் ஏறிடுவேன்” என்றாள். மேலே நானும் கூட வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். “நீ வந்து நின்னா ஆள் சேத்துக்கினு வந்தேன்னுவாங்கோ. கீயவே இரு.”

காவலாளியிடம் அட்டையைக் காட்டினாள். அவர் பார்க்காமலே கையை அசைத்தார். அவள் படிக்கட்டுப் பக்கம் போய், திரும்பி வந்து, லிஃப்ட்டில் ஏறிப்போனாள்.

நான் எங்கள் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நான்காவது மாடியின் பின்பக்க பால்கனியும் சமையலறை ஜன்னலும் தெரியும். ஜன்னலில் விளக்கு எரிந்தது. பேச்சுச் சத்தம் எதுவும் கீழே வரவில்லை. செய்தித்தாள் போடுகிறவர் வந்து போனார். நடைப்பயிற்சிக்கு இறங்கிய முதல் தளத்துக்காரர் என்னைப் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படியில் அவள் இறங்கிவரவில்லை. லிஃப்ட்டும் நான்காவது மாடியிலேயே நின்றது.

வெகுநேரம் கழித்து பால்கனிக் கதவு திறந்தது. அவள் ஈரத் துணி பக்கெட்டோடு வந்தாள். செயலாளருடைய வேட்டியை எடுத்துப் படாரென்று உதறினாள். கொடியில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். க்ளிப் போடும்போது கீழே பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, போ என்று கையை ஆட்டினாள். கோபமாக ஆட்டினாளா, சும்மா ஆட்டினாளா என்று அவ்வளவு கீழே இருந்து தெரியவில்லை. அடுத்த துணியை அவள் உதறும்வரை இருந்துவிட்டு மேலே போனேன்.